அக்கா குவைத்துக்குப் போனால் வீட்டில் என்ன நடக்கும்?

விசுவமடுவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "என் அக்கா வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போகப்போகிறார். பிள்ளைகள் இரண்டு. மூத்தவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நாலு. அத்தானுக்கு முதுகில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது, பாரம் தூக்க முடியாது. அம்மாவும் நானும் பிள்ளைகளைப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறோம். போனவர்களின் வீடுகளில் உண்மையில் என்னதான் நடக்கிறது? காசு வந்தால் எல்லாம் சரிவருமா?"

தங்கச்சி, நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் குடும்பப் பின்னணி அறிக்கை, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்ணின் பிள்ளைகளை யார் பார்ப்பார் என்று விசாரித்து எழுதும் அறிக்கை, எழுதுவதற்காகப் பல வருடம் வீடு வீடாகப் போயிருக்கிறேன். வெளிக்கிட இருக்கும் பெண்ணோடு ஒரு தரம் கதைப்பேன். அவர் போன பிறகும் வழியில் அந்த வீட்டைக் கண்டால் இறங்கிப் பார்ப்பேன். அப்படிப் பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதில்.

காசு வரும். கடன் குறையும், வீட்டுக்குப் பூச்சு வரும். பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்பது வேறு கணக்கு. அனுப்புகிற காசு யாருடைய கைக்குப் போகிறது, இரவில் பிள்ளை எழும்பி அழுதால் யார் எழும்புகிறார், இந்த இரண்டையும் பொறுத்துத்தான் அது இருக்கிறது. ஒரே நாட்டுக்குப் போய் ஒரே சம்பளம் அனுப்பிய இரண்டு பேரின் வீடுகள், நாலு வருடம் கழித்து ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

முதலில் முல்லைத்தீவு, கிளிநொச்சி எல்லாம் அடங்கிய நம்முடைய வன்னியின் நிலைமையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நமக்கு மத்திய கிழக்கு புதுப் பாதை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் தொடங்கியது 1985இல். 90களில் நாட்டிலிருந்து வேலைக்குப் போனவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மூதூர், புத்தளம், குருநாகல் பக்கங்களில் தாய் போன வீட்டிலிருந்து பிறகு மகளும் போன கதைகள் நிறைய. அந்தக் காலத்தில் வன்னிக்குள் இருந்தவர்களுக்கு வவுனியாவைத் தாண்டுவதே பெரிய பாடு. பாஸ் என்ற பயண அனுமதி எடுக்கவேண்டும், பிணைக்கு ஆள் வைக்கவேண்டும். 2009க்குப் பிறகு ஏ9 வீதி திறந்து, மக்கள் முகாம்களிலிருந்து திரும்பியபோதுதான் ஏஜென்சிக்காரர்களும் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்தார்கள்.

ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே சொல்தான் வரும்: கடன். அந்தக் கடனில் ஒரு பங்கு வீட்டோடு வந்தது. 2012க்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். தறப்பாளுக்குள் கிடந்தவர்கள் கல்வீட்டுக்குள் போனது அதனால்தான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் ஏறின வேகத்தில் பலருக்கு அந்தக் காசுக்குள் வீடு முடியவில்லை. யன்னலுக்கும் கதவுக்கும் தாலிக்கொடி அடகுக்குப் போனது. அடகை மீட்க, கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன், அந்தக் கிழமைக் கடனைக் கட்ட இன்னொரு கிழமைக் கடன். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. பலருக்குப் பாரம் குறைந்தது, ஆனால் தீரவில்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டார்கள், அந்தக் காலபோகம், அதாவது மாரிகால நெல் விதைப்பு, வயலை நம்பி இருந்தவர்களின் முதுகை முறித்தது. அடுத்த வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. வவுனியா கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு முன்னால் இரவிரவாகச் சனம் வரிசையில் கிடந்ததை நீங்களும் கண்டிருப்பீர்கள். 2022இல் மட்டும் நாட்டைவிட்டு வேலைக்குப் போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல்.

இது நாடு முழுவதற்கும் பொதுவான கதைதானே என்று கேட்கலாம். வன்னிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வேறு ஊர்களில் தாய் வெளிநாடு போனால் அம்மம்மா பார்ப்பார். அவருக்கு ஏலாவிட்டால் பெரியம்மா, அதுவும் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு மாமி என்று யாராவது ஒருவர் வந்து நிற்பார். அந்த "யாராவது ஒருவர்"தான் இங்கே இல்லை. போரின் கடைசி மாதங்களில் மாத்தளன், முள்ளிவாய்க்காலில் ஒரே நாளில் மூன்று நாலு உறவுகளைக் கொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. திரும்பி வந்தபோது பழைய அயல் அப்படியே திரும்பி வரவில்லை. விசுவமடு, தருமபுரம் பக்கமெல்லாம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய பலருக்கு ஊரில் சொந்தம் என்று சொல்லவே இரண்டு மூன்று வீடுகள்தான். அதிலும் போர் ஒரு பங்கை எடுத்துவிட்டது. ஆகவே "பிள்ளைகளை யார் பார்ப்பார்?" என்று படிவத்தில் வரும் கேள்விக்கு ஒரு பெயரை எழுதுவேன். "அவருக்கு ஏலாமல் போனால்?" என்று வாயால் கேட்பேன். அதற்குப் பல வீடுகளில் பதில் வராது.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். புதுக்குடியிருப்புப் பக்கம். தாய் சவூதிக்குப் போகும்போது மகளுக்கு ஆறு வயது. தகப்பன் இல்லை, அம்மம்மாதான் பார்க்கிறார். நான் போன அன்று கார்கோவில் ஒரு பெட்டி வந்திருந்தது. பால்மா, சவர்க்காரம், ஒரு தடித்த போர்வை, அடியில் ஐந்து சட்டைகள். அம்மம்மா முதலாவது சட்டையை எடுத்து உதறிப் பிள்ளையின் தோளில் வைத்துப் பார்த்தார். தொடைக்கு மேலே நின்றது. அடுத்ததும் அப்படித்தான். பிள்ளைக்கு அப்போது ஒன்பதரை வயது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைகளை வாங்கி, கடையில் மடித்திருந்த மடிப்பிலேயே திருப்பி மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அன்று வெள்ளிக்கிழமை. கொஞ்ச நேரத்தில் தாய் எடுத்தார். "உடுப்பு அளவோ அம்மா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. "அளவுதான், நல்ல வடிவு" என்றார் அம்மம்மா. பிள்ளையும் போனைப் பார்த்துத் தலையாட்டினாள்.

பிறகு வெளியே வந்தபோது, உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று அம்மம்மாவிடம் கேட்டேன். "அவள் அங்க அழுதுகொண்டு வேலை செய்ய ஏலாதெல்லோ" என்றார்.

இந்த மறைப்பு ஒரு வீட்டு விஷயம் இல்லை. அங்கே கடவுச்சீட்டை வீட்டுக்காரர் வாங்கி வைத்திருப்பார், ஒரு வீட்டுக்கென்று போனவர் இரண்டு வீட்டுக்கு வேலை செய்வார், வீட்டில் கேட்டால் "நல்லாயிருக்கிறன்" என்பார். இங்கே மகன் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போவதில்லை, தோடு அடகில் இருக்கிறது, ஆச்சிக்குச் சீனி வருத்தம் கூடிவிட்டது. போனில் "ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார்கள். இரண்டு பக்கமும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் நடுவில் நிற்கிற பிள்ளை அதிலிருந்து ஒரு பாடத்தைப் படித்துவிடுகிறது: கஷ்டத்தை வாயால் சொல்லக்கூடாது. அந்தப் பாடம்தான் எனக்குப் பயம். வீட்டுக்கு வந்துபோகிற ஒருவன் தப்பாக நடந்தால், அந்தப் பிள்ளை யாரிடம் சொல்லும்? அப்படிச் சொல்லாமல் இருந்த பிள்ளைகளின் விஷயம் மாதக்கணக்கு கழித்து, வகுப்பாசிரியர் ஒருவர் சந்தேகப்பட்டுக் கேட்டபிறகு வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டுக்கு அதிகம் பேர் போகும் இலங்கையின் மாவட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. பெற்றோர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேருக்கு மனநலம் சார்ந்த பிரச்சினை இருப்பதாக அதில் கண்டார்கள். வன்னியில் எடுத்த கணக்கு அல்ல அது. நம்முடைய பிள்ளைகள் போரைக் கண்ட தாய் தகப்பனின் பிள்ளைகள், அந்தப் பாரம் இதற்கு மேலாக.

சரி, காசுக்கு வருவோம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணிடம் ஏஜென்சிக்காரர் பெரும்பாலும் காசு கேட்பதில்லை, அவரே முற்பணம் கொடுப்பார். கடன்காரன் வாசலில் நிற்கும்போது அந்தக் காசு கடவுள் கொடுத்த மாதிரி இருக்கும். அது இனாம் இல்லை. அங்கே சரிவராமல் இடையில் திரும்ப நினைத்தால் அதையும் செலவையும் திருப்பிக் கேட்பார்கள், அதற்குப் பயந்தே அடியையும் பட்டினியையும் தாங்கிக்கொண்டு இருந்தவர்கள் உண்டு. முதல் வருடச் சம்பளத்தில் பெரும்பங்கு பழைய கடனுக்குப் போகும். இரண்டாம் வருடம்தான் கண்ணில் தெரிகிற எதுவும் வரும். ஒப்பந்தமும் அநேகமாக இரண்டு வருடம்தான். அதனால்தான் "ஒருக்காப் போய்ட்டு வாறன்" என்று போனவர்கள் இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் போகிறார்கள்.

வந்த காசு எங்கே போகிறது என்பதைப் பொறுத்தவரை, கணவன்மார் குடித்து அழிக்கிறார்கள் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. நடக்கிறதுதான், கசிப்பு என்ற கள்ளச்சாராயம் எங்கே விற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் கண்டதில் அதைவிடக் கூடுதலாகக் காசு கரைந்தது சின்னச் சின்ன ஓட்டைகளால். கடைக் கொப்பியில் கணக்குப் பார்க்காமல் வாங்குவது, லீசிங்கில் மோட்டார் சைக்கிள், "உன்ர மனிசி வெளிநாட்டிலதானே" என்று கைமாற்றுக் கேட்கும் சொந்தங்கள், சாமத்திய வீட்டுக்கும் கோயிலுக்கும் தகுதிக்கு மேல் செய்வது. யாரும் திருடவில்லை. வெளிநாட்டுக் காசு என்றால் அது எல்லோருடைய காசும் ஆகிவிடுகிறது.

மல்லாவிப் பக்கத்தில் ஒரு அம்மம்மா இருந்தார். நாலாம் வகுப்புவரைதான் படித்தவர். பேத்தியின் பழைய சிஆர் கொப்பியின் பின்பக்கத்தில் ஒவ்வொரு மாதமும் எழுதுவார்: வந்தது இவ்வளவு, கடைக்கு இவ்வளவு, ரியூசனுக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, மிச்சம். மாதக் கடைசியில் பேத்தி அந்தப் பக்கத்தைப் படமெடுத்துத் தாய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். அந்தத் தாய் ஐந்து வருடம் கழித்து வந்தபோது கடன் இல்லை, இரண்டு மாடு, வங்கியில் கொஞ்சக் காசு. அந்தக் கொப்பி காசை மட்டும் காக்கவில்லை. மாதத்தில் ஒரு தரமாவது மூன்று பேரும் உண்மையைக் கதைத்தார்கள், பிள்ளைக்கும் வீட்டுப் பொறுப்பில் ஒரு இடம் கிடைத்தது.

சட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், உங்கள் அக்காவுக்கு அது நேராகப் பொருந்துகிறது. 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தபோது ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போகமுடியாது. 2022இல் அதை இரண்டு வயதாகக் குறைத்தார்கள். அதனால் சின்னவனுக்கு நாலு வயது என்பது இப்போது தடை இல்லை. அந்த அறிக்கைகளைக் கைப்பட எழுதிய எனக்கே ஒன்று எப்போதும் உறுத்தும். இந்தக் கேள்விகளைத் தாயிடம் மட்டும்தான் கேட்டோம். கட்டாருக்குப் போன எத்தனையோ தகப்பன்மாரிடம் "உன் பிள்ளையை யார் பார்ப்பார்?" என்று கேட்க எனக்கு ஒரு படிவம் தரவில்லை. தடை கடுமையாக இருந்த காலத்தில் பெண்கள் போகாமல் இருக்கவும் இல்லை. விசிட் விசாவில் போனார்கள், பதிவு இல்லாமல், காப்புறுதி இல்லாமல். உங்கள் அக்காவை யாராவது "விசிட்டில் அனுப்பி அங்கே மாத்தலாம்" என்று சொன்னால் அந்த ஆளை வீட்டுக்குள் எடுக்கவேண்டாம். பணியகத்தில் பதிவு, ஒப்பந்தத்தின் பிரதி, சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில். சந்தேகம் இருந்தால் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துப் பணியகத்திடமே கேட்கலாம்.

இன்னொரு விஷயம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது, ஆனால் இதை வாசிக்கும் பலருக்குப் பொருந்தும். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண் வெளிநாடு போக வெளிக்கிட்டால் ஒவ்வொரு படிவத்திலும் முட்டிக்கொள்வார். கணவன் எங்கே? இறந்துவிட்டார் என்று எழுத மனம் வராது, இருக்கிறார் என்று எழுதக் கடதாசி இல்லை. 2016இல் வந்த சட்டத்தின்படி மரணச் சான்றிதழ் எடுக்காமல், காணாமல் போனதற்கான சான்றிதழ் ஒன்றை எடுக்கலாம். காணி உத்தரவுப் பத்திரம் கணவன் பெயரில் இருந்தால், போகமுன் அதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து ஒழுங்குபண்ணிவிட்டுப் போங்கள். மகனுக்குத்தான் முன்னுரிமை என்று இருந்த வாரிசு ஒழுங்கை 2022இல் மாற்றிவிட்டார்கள். ஆள் இல்லாத வயலைக் குத்தகைக்கு எடுத்தவர், இரண்டு போகம் போனால் தன் வயல் மாதிரியே கதைப்பார்.

ஆண்கள் போன வீடுகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை, நீங்கள் கேட்டது அது இல்லை. அங்கே மனைவிமாருக்கு வேலை இரண்டு மடங்காகிறது, ஊர்க்கண்ணும் அவர்கள் மேல்தான். பிள்ளைகள் நித்திரை கொள்ளும் பாய் மாறுவதில்லை என்பது ஒரு பெரிய வித்தியாசம்.

இனி உங்கள் வீடு. உங்கள் கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். "அம்மாவும் நானும் பார்ப்போம்" என்கிறீர்கள். அத்தான் எங்கே? அவர் வீட்டில்தானே இருக்கிறார். பாரம் தூக்க முடியாது என்பதால் அவரைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். மனைவி போன பிறகு உடைந்துபோகிற ஆண்களில் நான் கண்ட பலர் இப்படித்தான் ஒதுக்கப்பட்டவர்கள். மனைவி உழைக்கிறாள், மாமியும் மச்சாளும் பிள்ளை வளர்க்கிறார்கள், தனக்கு என்ன வேலை? பின்னேரம் யாராவது ஒரு போத்தலோடு கூப்பிட்டால் போகத்தானே செய்வார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் ஏற்றுவதும் அவர் வேலையாக இருக்கட்டும். கொப்பி பார்ப்பது, பெற்றோர் கூட்டத்துக்குப் போவது, கிளினிக்குக்குக் கூட்டிப்போவது, இதில் எதற்கும் பாரம் தூக்கத் தேவையில்லை. இரவில் பிள்ளைகள் அவருக்குப் பக்கத்தில் படுக்கட்டும். மாதக் கணக்கை அவரும் அம்மாவும் சேர்ந்து எழுதட்டும்.

அடுத்தது நீங்கள். எத்தனை வருடம் அந்த வீட்டில் இருப்பீர்கள்? உங்களுக்கும் ஒரு கலியாணம் பேசுவார்கள், அல்லது வேலை கிடைக்கும். அக்காவின் பிள்ளைகளுக்காக ரியூசனை விட்ட, வந்த சம்பந்தத்தைத் தள்ளிப்போட்ட சித்திமாரை எனக்குத் தெரியும். அவர்களும் பின்னால் விடப்பட்டவர்கள்தான், அவர்களை யாரும் எண்ணுவதில்லை. அக்கா போகமுன் இதைக் கதைத்து ஒரு காலம் வையுங்கள். இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம். அதற்குப் பிறகு என்ன என்பதையும் இப்போதே பேசுங்கள். அம்மாவுக்கு ஏலாமல் வந்தால் யார் என்று இன்னொரு பெயரையும் முடிவுசெய்யுங்கள். ஊரில் ஆள் இல்லை என்றால் ஒரு ஆசிரியை, மாதர் சங்கத்தில் நம்பிக்கையான ஒருவர், யாராவது. பெரியவள் அந்த ஆளிடம் போய் எதையும் சொல்லலாம் என்று அக்காவே தன் வாயால் அவளுக்குச் சொல்லவேண்டும். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

அக்காவின் பெயரில் வங்கியில் இரண்டு கணக்கு திறக்கச் சொல்லுங்கள். ஒன்று வீட்டுச் செலவுக்கு, மற்றதன் புத்தகமும் அட்டையும் யாரிடமும் இருக்கக்கூடாது. வங்கி இல்லாமல் ஆள் மூலம் அனுப்பும் உண்டியலில் ரூபா கொஞ்சம் கூட வரலாம், ஆனால் காசு வராமல் போனால் கேட்க ஒரு கடதாசியும் இருக்காது. பிள்ளைகளின் உயரத்தை மாதம் ஒருக்கால் சுவரில் கோடு போட்டுப் படமெடுத்து அனுப்புங்கள். சட்டை அளவில்லை என்றால் அளவில்லை என்றே சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. விமானம் அநேகமாக இரவில் அல்லது விடியப்புறமாக இருக்கும், வான் பின்னேரமோ இரவோ வீட்டிலிருந்து வெளிக்கிடும். அழுவார்கள் என்று பயந்து, பிள்ளைகள் நித்திரையான பிறகு போவதுதான் நம்முடைய வழக்கம். அப்படிப் போன ஒரு வீட்டில், அடுத்த நாள் காலையில் சின்னப் பெடியன் கிணற்றடி, குசினி, வேலியோரம் எல்லாம் தேடிவிட்டுத் தாயின் செருப்பு இல்லாததைக் கண்டுதான் பேசாமல் இருந்தான் என்று அவனுடைய அப்பப்பா எனக்குச் சொன்னார். பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவன் பகலில்கூட நித்திரை கொள்ளப் பயந்தான். உங்கள் அக்கா எந்த நேரம் வெளிக்கிட்டாலும் இரண்டு பேரையும் எழுப்பி, நாலு வயதுக்காரனுக்கும் விளங்குகிற மாதிரி எங்கே போகிறேன், எத்தனை பொங்கலுக்குப் பிறகு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அழட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.